ஊருக்குத் திட்டம் போடும் உரிமை ஊருக்கு இருக்கு. அதற்கான உதவி எங்கே?



உங்க ஊராட்சிக்கு ஒரு வளர்ச்சித் திட்டம் இருக்கு, தெரியுமா? "கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம்" என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு ஆண்டும் போடணும். ஒன்றிய அரசின் இ-கிராம்ஸ்வராஜ் இணையதளத்தில் ஏற்றணும். அதை ஏற்றினால்தான் நிதிக்குழு மானியத்தைச் செலவு செய்ய முடியும். மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால் உங்க ஊர்த் திட்டம் திரையில் வந்து நிற்கும்.

ஒருமுறை திறந்து பாருங்க. பார்த்துட்டு உங்களையே கேளுங்க: இதை எழுதினது யாரு? கிராமசபையில் நீங்க கேட்டது இதில் இருக்கா? மேலத்தெருவுக்கு மூன்றாவது முறை சிமெண்ட் சாலை வருது, காலனிக்குச் சுடுகாட்டுப் பாதை ஏன் வரவில்லை?

பெரும்பாலான ஊரில் விடை ஒன்றுதான். ஒன்றிய அலுவலகத்தில் கணினி முன்னால் உட்கார்ந்தவர், போன வருடப் பட்டியலைத் திறந்து, ஊர்ப் பெயரையும் தொகையையும் மாற்றி ஏற்றி விடுகிறார். அந்த ஊழியர் மேல் நமக்குக் கோபம் இல்லை. அவர் தலையில் எத்தனை ஊராட்சி கட்டப்பட்டிருக்குன்னு நமக்குத் தெரியும். அவரை அந்த நிலையில் வைத்திருப்பவர்கள் மேல்தான் நம் கோபம்.

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்க. சாலை, தண்ணீர், விளக்கு என்று தினமும் நாம் போடும் சண்டைக்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கு.

▪️ சட்டம் என்ன சொல்கிறது?

அரசமைப்புச் சட்டத்தின் 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24-ல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி வந்த 243-ஜி பிரிவு, பொருளாதார வளர்ச்சிக்கும் சமூக நீதிக்கும் திட்டம் தீட்டும் அதிகாரத்தை ஊராட்சிகளுக்குத் தரச் சொல்கிறது. 11-ஆவது அட்டவணையில் 29 துறைகள் பட்டியலாக இருக்கின்றன. வேளாண்மை, சிறுபாசனம், குடிநீர், சாலை, தொடக்கக் கல்வி, சுகாதாரம் எல்லாமே அதில் அடக்கம்.

சட்டம் எழுதியவர்கள் ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்து வைத்திருந்தார்கள். ஓர் ஊர் தனியாகத் திட்டம் போட்டால் போதாது. பக்கத்து ஊரோடும் பக்கத்து நகரத்தோடும் அது பொருந்தணும். அதற்காகவே 243-இசட்டி பிரிவை வைத்தார்கள். மாவட்டந்தோறும் ஒரு மாவட்டத் திட்டக்குழு இருக்க வேண்டும். ஊராட்சிகளும் நகராட்சிகளும் தீட்டும் திட்டங்களை அது ஒன்றுசேர்க்கணும். மாவட்டம் முழுமைக்குமான வளர்ச்சித் திட்ட வரைவைத் தயாரிக்கணும். நிலப் பயன்பாடு, தண்ணீர்ப் பங்கீடு, உள்கட்டமைப்பு, சுற்றுச்சூழல் எல்லாவற்றையும் அது கணக்கில் எடுக்கணும்.

அதன் உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்கு பேர் மக்கள் தேர்ந்தெடுத்த மாவட்ட ஊராட்சி, நகராட்சி உறுப்பினர்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். கிராம மக்கள்தொகைக்கும் நகர மக்கள்தொகைக்கும் ஏற்ற விகிதத்தில். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-லும் இந்தக் குழு இருக்கு. மாவட்ட ஊராட்சித் தலைவர்தான் இதன் தலைவர். மாவட்ட ஆட்சியர் துணைத்தலைவர். கவனிங்க, தோழர்களே: மக்கள் தேர்ந்தெடுத்தவர் தலைவர், அதிகாரி துணைத்தலைவர்!

இப்போ சொல்லுங்க. உங்க மாவட்டத்தின் வளர்ச்சித் திட்ட வரைவை நீங்க கண்ணால் பார்த்ததுண்டா? அது எந்த அலுவலகத்தின் எந்த அலமாரியில் இருக்கு என்றாவது தெரியுமா? 2023 ஜூனில் தமிழ்நாட்டில் மாவட்டத் திட்டக்குழு உறுப்பினர்களுக்குத் தேர்தல் நடந்தது. உங்க தெருவில் எத்தனை பேருக்கு அந்தச் சேதி தெரியும்?

▪️ ஏரி ஊர் எல்லை பார்த்து ஓடாது

"எங்க ஊருக்கு வேணுங்கிறத எங்க ஊரே செஞ்சுக்கும், மாவட்டக் குழு எதுக்கு?" என்று சில தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஓர் ஏரியை வைத்துப் பார்ப்போம்.

வடக்கே ஏரி என்போம், தெற்கே கண்மாய், மேற்கே குளம். பெயர் எதுவானாலும் அது தனியாக இருப்பதில்லை, சங்கிலியாக இருக்கும். மேல் ஏரி நிரம்பிக் கலிங்கு பாய்ந்தால் கீழ் ஏரிக்குத் தண்ணீர். நம் முன்னோர் வெட்டி வைத்த ஏற்பாடு இது.

இன்றைய நிர்வாகம் அந்தச் சங்கிலியைத் துண்டு துண்டாக நறுக்கி வைத்திருக்கிறது. 40 ஹெக்டேருக்கு மேல், அதாவது சுமார் 100 ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ள ஏரி நீர்வளத்துறைக்கு. அதற்குக் கீழே இருந்தால் ஊராட்சி ஒன்றியத்துக்கு. ஆக்கிரமிப்பை அளந்து காட்டுவது வருவாய்த்துறை. குறுக்கே போகும் சாலை நெடுஞ்சாலைத்துறை. வரத்துக்கால்வாய் மூன்று ஊராட்சி தாண்டி வருது.

உங்க ஊராட்சி பாடுபட்டு ஏரியைத் தூர்வாருது என்று வைத்துக்கொள்வோம். கரை பலப்படுத்தியாச்சு, மதகு மாற்றியாச்சு. மழையும் வந்தது. தண்ணீர் வரவில்லை! ஏன்? இரண்டு ஊர் தள்ளி வரத்துக்கால்வாயில் மனைப் பிரிவு போட்டுட்டாங்க. சாலைக்கு அடியில் போட்ட குழாய் தேவையான அளவில் பாதிதான். உங்க ஊராட்சித் தலைவர் அங்கே போய்க் கேட்க முடியுமா? அவர் அதிகார எல்லை அவர் ஊர் எல்லையோடு முடியுது.

குப்பையும் இப்படித்தான். ஒவ்வோர் ஊராட்சியும் சாலையோரத்தில் கொட்டிக் கொளுத்துது. நாலைந்து ஊராட்சி சேர்ந்தால் ஒரு முறையான தரம் பிரிப்புக் கூடம் நடத்தலாம். காய்கறி விளையும் ஊர்களுக்கு ஒரு குளிர்பதனக் கிடங்கு வேணும். ஓர் ஊராட்சியால் முடியாது, பத்து ஊராட்சியால் முடியும். ஆனால் அந்தப் பத்துப் பேரையும் ஒரு மேசையில் உட்கார வைத்து, வரைபடத்தை விரித்து, கணக்குப் போட்டுக் கொடுக்க ஆள் வேணும். அந்த மேசைக்குச் சட்டம் வைத்த பெயர்தான் மாவட்டத் திட்டக்குழு.

▪️ அந்த மேசையில் இன்று யார் இருக்கிறார்கள்?

இங்கேதான் வயிறு எரியுது.

2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. முறையாக நடத்துங்கள் என்று நீதிமன்றம் சொன்னது, நடத்தவே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தேர்தல் வந்தது 2019 டிசம்பரில், அதுவும் 27 மாவட்டங்களுக்கு மட்டும். மூன்று ஆண்டுக்கும் மேல் தனி அலுவலர் ஆட்சி. மீதி 9 மாவட்டங்கள் 2021 அக்டோபர் வரை காத்துக் கிடந்தன.

2019-ல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. அதற்குள் மாவட்டங்கள் பிரிந்ததால் கணக்கு 28 மாவட்டங்கள். மீண்டும் தனி அலுவலர்கள்! ஆட்சி மாறினாலும் பழக்கம் மாறவில்லை. பதவிக்காலம் முடிவதற்கு முன்பே தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்பது அரசமைப்புச் சட்டம். 243-இ பிரிவு. ஐந்து ஆண்டுக்கு முன்பே தெரிந்த தேதி அது. திடீரென்று வந்த புயல் வெள்ளமா?

இதன் விளைவை யோசிங்க. மாவட்ட ஊராட்சி இல்லை என்றால் மாவட்ட ஊராட்சித் தலைவர் இல்லை. அவர் இல்லை என்றால் திட்டக்குழுவுக்குத் தலைவர் இல்லை. மாவட்ட ஊராட்சி உறுப்பினர்களிலிருந்து வர வேண்டிய நாற்காலிகளும் காலி. மிஞ்சுவது யார்? நகராட்சிப் பக்கத்து உறுப்பினர்களும் ஆட்சியரும். கிராமத்தையும் நகரத்தையும் இணைக்கத்தான் இந்தக் குழு. அதில் கிராமமே இல்லை!

இந்த நிலையில் என்ன நடந்தது? 2025 தொடக்கத்தில் நூற்றுக்கணக்கான ஊராட்சிகளை மாநகராட்சிகளோடும் நகராட்சிகளோடும் இணைக்கும் அறிவிப்பு வந்தது. எந்த ஊர் நகரமாகணும், எந்த ஊர் கிராமமாக நீடிக்கணும் என்பது நிலப் பயன்பாட்டுக் கேள்வி. திட்டக்குழு உட்கார்ந்து பேச வேண்டிய முதல் கேள்வியே அதுதான். நூறு நாள் வேலை போயிடுமே, வரி ஏறிடுமே, எங்க ஏரி யார் கைக்குப் போகும் என்று மக்கள் பயந்தாங்க. ஊர் ஊராக எதிர்ப்புத் தீர்மானம் போட்டாங்க. முடிவு செஞ்சுட்டுச் சொல்றது திட்டமிடல் இல்லை, தோழர்களே. அது உத்தரவு.

▪️ டெல்லியும் சளைத்ததில்லை

மாநில அரசை மட்டும் சொல்லிவிட்டு ஒன்றிய அரசை விட்டுவிட முடியாது.

15-ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை கிராம உள்ளாட்சிகளுக்குத் தந்த மானியத்தில் 60 விழுக்காடு கட்டுண்ட நிதி. 30 விழுக்காடு குடிநீருக்கு, 30 விழுக்காடு தூய்மைப் பணிக்கு. மீதி 40 விழுக்காடுதான் ஊர் தன் தேவைக்கு எடுத்துக்கொள்ளலாம். குடிநீரும் தூய்மையும் தேவையில்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் குடிநீர் ஏற்கெனவே நல்லா இருக்கிற ஊருக்கும் இதே கணக்கு, தண்ணீர்த் தொட்டியே இல்லாத ஊருக்கும் இதே கணக்கு என்றால், அந்த ஊர் எதைத் திட்டமிடுவது?

அதற்கு மேல் ஒரு நிபந்தனை: தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு இல்லாத ஊராட்சிக்கு இந்த மானியம் கிடையாது. இது சரியான நிபந்தனைதான். ஆனால் அடி யாருக்கு விழுது பாருங்க. தேர்தல் நடத்தாதது மாநில அரசு. பணத்தை நிறுத்துவது ஒன்றிய அரசு. கைப்பம்பு பழுதாகி நிற்பது உங்க தெருவில். குற்றம் செய்தவன் ஒருத்தன், தண்டனை அனுபவிப்பவன் இன்னொருத்தன்!

▪️ "பஞ்சாயத்துத் தலைவருக்கு என்ன தெரியும்?"

அதிகாரத்தைக் கீழே விட மனமில்லாதவர்கள் வழக்கமாகச் சொல்லும் சாக்கு இது. "அவங்களுக்கு எஸ்டிமேட் போடத் தெரியாது. வரைபடம் படிக்கத் தெரியாது. காசைக் கொடுத்தா சாப்பிட்டுடுவாங்க."

இதற்கு நம் பதில் இரண்டு.

ஒன்று: அமைச்சருக்கு எஸ்டிமேட் போடத் தெரியுமா? எம்.எல்.ஏ.வுக்கு வடிகால் வாட்டம் பார்க்கத் தெரியுமா? தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. அவர்களுக்குச் செயலாளர் இருக்கிறார், தலைமைப் பொறியாளர் இருக்கிறார், ஆலோசனை நிறுவனம் இருக்கு. தலைநகரில் 1971 முதல் மாநிலத் திட்டக்குழு என்ற அமைப்பே இருக்கு. மேலே இருப்பவருக்குத் தெரியாததைச் சொல்லிக் கொடுக்க ஆயிரம் பேர். கீழே இருப்பவருக்கு?

தமிழ்நாட்டில் 12,000-க்கும் மேற்பட்ட ஊராட்சிகள். ஊராட்சி ஒன்றியங்கள் 388. சராசரியாக ஒன்றியத்துக்கு 30 ஊராட்சிக்கு மேல் வருது. ஓர் ஊராட்சி என்றால் ஒரே ஊர் என்று நினைக்காதீங்க. சராசரியாக ஆறு குக்கிராமமாவது இருக்கும். இத்தனைக்கும் ஒன்றியத்தில் இருக்கும் சில பொறியாளர்களும் ஓவர்சியர்களும்தான். வீட்டு வசதித் திட்டத்துக்கும் அவர்களே, சாலைக்கும் அவர்களே, பில் எழுதவும் அவர்களே. ஊராட்சியில் நிரந்தரமாக இருப்பவர் ஊராட்சிச் செயலர் ஒருவர். வரி வசூலும் அவர்தான், பதிவேடும் அவர்தான், கணினியும் அவர்தான். இதில் "அறிவியல்பூர்வமான திட்டம்" எங்கிருந்து வரும்? கையைக் கட்டிப் போட்டுட்டு நீந்தத் தெரியலைன்னு கேலி பண்றாங்க.

இரண்டு: ஊழல். இருக்கு, மறுக்கவில்லை. ஆனால் ஊழல் எங்கே வளரும்? எஸ்டிமேட் யாருக்கும் புரியாத இடத்தில். திட்டம் எழுதியவர் யாரென்று தெரியாத இடத்தில். தெரு முனையில் ஒரு பலகையில் வேலையின் பெயர், நீளம், அகலம், கனம், தொகை எல்லாம் தமிழில் எழுதி வைத்து, இதைச் சரிபார்க்க ஒரு பொறியாளர் கிராமசபைக்கு வந்து நின்றால், திருட முடியுமா என்று யோசிங்க. தொழில்நுட்ப உதவி திட்டத்துக்கு மட்டும் உதவி இல்லை. கண்காணிப்புக்கும் அதுதான் உதவி.

▪️ பக்கத்து மாநிலம் செய்து காட்டியது

கேரளாவில் 1996 ஆகஸ்ட் 17-ல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியது. மாநிலத்தின் திட்ட நிதியில் சுமார் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்குவதென்று முடிவெடுத்தார்கள். நிதியை முதலில் கொடுத்தார்கள், திறமையைக் கூடவே வளர்த்தார்கள். "முதலில் திறமை வரட்டும், அப்புறம் நிதி" என்று இழுத்தடிக்கவில்லை.

கிராமசபையில் தேவையைப் பட்டியல் போட்டார்கள். ஊராட்சி தன் நிலைமையைப் பற்றி ஒரு வளர்ச்சி அறிக்கை தயாரித்தது. வளர்ச்சிக் கருத்தரங்கு நடத்தினார்கள். துறைவாரியாகப் பணிக்குழு உட்கார்ந்து திட்டம் எழுதியது.

முதல் ஆண்டுத் திட்டங்களில் நிறைய தொழில்நுட்பக் குறைகள் இருந்தன. நம் ஊராக இருந்தால் என்ன செய்திருப்பார்கள்? "பார்த்தீங்களா, சொன்னோமே" என்று பணத்தைத் திரும்ப வாங்கியிருப்பார்கள். அங்கே ஓய்வுபெற்ற பொறியாளர்கள், ஆசிரியர்கள், வேளாண் அலுவலர்கள், பிற வல்லுநர்களைத் திரட்டித் தன்னார்வத் தொழில்நுட்பப் படை ஒன்றை அமைத்தார்கள். அவர்கள் திட்டங்களைப் படித்து, குறையைச் சுட்டிக்காட்டி, திருத்திக் கொடுத்தார்கள். அதன்பிறகு மாவட்டத் திட்டக்குழு ஒப்புதல் தந்தது. பயிற்சி கொடுக்கத் திருச்சூரில் கிலா என்ற உள்ளாட்சிப் பயிற்சி நிறுவனம் நின்றது.

கேரளாவில் எல்லாம் சொர்க்கம் என்று நாம் சொல்லவில்லை. கட்சிச் சண்டை அங்கேயும் உண்டு. கிராமசபைக்கு ஆள் குறைவதும் உண்டு. ஆனால் அங்கே உள்ளாட்சித் தேர்தல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வரும் என்று மக்கள் நம்பலாம். மலைக்கு அந்தப் பக்கம் முடிந்தது இந்தப் பக்கம் ஏன் முடியாது?

▪️ நம்மிடமும் ஆள் இருக்காங்க

தமிழ்நாட்டு ஊராட்சிகளுக்குத் திறமை இல்லை என்று யாராவது சொன்னால் ஓடந்துறையைக் காட்டுங்க. கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் பக்கத்து ஊராட்சி. 2006-ல் வங்கிக் கடனும் தன் சேமிப்பும் சேர்த்து, 350 கிலோவாட் காற்றாலையைச் சொந்தமாக வாங்கியது. மின்சாரம் விற்று வருமானம் பார்த்தது. வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து பார்த்துட்டுப் போனாங்க.

நமக்குப் பெருமைதான். ஆனால் பெருமையோடு ஒரு கேள்வியும் இருக்கு. அது நடந்து எத்தனை ஆண்டாச்சு? இன்னும் ஏன் ஓடந்துறை என்ற ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்? ஒரு தலைவர் தானே அலைந்து, தானே படித்து, வங்கிப் படியேறிச் சாதித்தால் அந்த ஊர் மட்டும் பிழைக்குது. அடுத்த ஊர்த் தலைவர் அதே கேள்வியோடு வந்தால், "இந்தா, திட்ட அறிக்கை இப்படி எழுதணும், கடன் இப்படி வாங்கணும், வாரியத்தோடு ஒப்பந்தம் இப்படிப் போடணும்" என்று சொல்ல மாவட்டத்தில் ஒரு மேசை இல்லை. விதிவிலக்கைக் கொண்டாடியே விதியை மறைச்சுட்டாங்க.

▪️ இது சமூக நீதிப் பிரச்சினை

திட்டமிடல் என்றால் ஏதோ பொறியாளர் சமாச்சாரம் என்று நினைக்காதீங்க. திட்டம் போடும் பேனா யார் கையில் இருக்கு என்பது அதிகாரக் கேள்வி.

1997 ஜூன் 30. மேலவளவு. ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பதற்காகவே முருகேசனும் அவரோடு இருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஊராட்சிகளில் ஒரு தலித் தலைவர் நாற்காலியில் உட்காரக் கூடாது என்று பத்து ஆண்டு தேர்தலையே நடக்க விடவில்லை. 2006-ல்தான் அங்கே முறையாகத் தேர்தல் நடந்தது. அந்த நாற்காலியின் விலை என்ன என்று தமிழ்நாட்டுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இன்று உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 விழுக்காடு இட ஒதுக்கீடு. பட்டியல் சமூகத்துக்கும் பழங்குடியினருக்கும் இடம் உண்டு. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு? எஸ்டிமேட் வேணும் என்றால் ஒப்பந்தக்காரரைக் கேட்கணும். தொழில்நுட்ப அனுமதிக்கு ஒன்றிய அலுவலகத்தில் நிற்கணும். "தலைவர் வரலியா?" என்று பெண் தலைவரிடமே அவர் கணவரைத் தேடும் அலுவலகங்கள் இன்னும் இருக்கு. பண பலமும் சாதி பலமும் உள்ள தலைவருக்குப் பொறியாளர் வீட்டுக்கே வருவார். இல்லாதவருக்கு, உரிமையாகக் கேட்டு வாங்கும் உதவி ஒன்று வேணும். அது சட்டப்படி கிடைக்கலைன்னா ஊரின் பெரிய வீட்டு வாசலில்தான் போய் நிற்கணும். அப்படி நின்னு வாங்கும் திட்டத்தில் காலனிக்கு எவ்வளவு பங்கு வரும் என்று நீங்களே சொல்லுங்க.

▪️ நம்ம ஆளா இருந்தாலும் கேளுங்க

இன்னொன்றையும் நேராகப் பேசுவோம். எம்.பி.க்கு ஆண்டுக்கு 5 கோடி தொகுதி மேம்பாட்டு நிதி. எம்.எல்.ஏ.வுக்கும் தனியாக உண்டு. நிழற்குடையில் பெரிசா பெயர் எழுதுறாங்களே, அதுதான். அந்த நிழற்குடை எங்கே வேணும் என்று கிராமசபையைக் கேட்டது யார்? பேருந்தே நிற்காத இடத்தில் நிழற்குடை, பேருந்து நிற்கும் இடத்தில் வெயில். உங்களில் பல பேர் இதைப் பார்த்திருப்பீங்க.

நம் கட்சியின் நிலைப்பாடு இதுதான்: தொகுதி நிதியில் செய்யும் ஒவ்வொரு வேலையும் ஊராட்சித் திட்டத்தில் இருக்கும் பட்டியலிலிருந்தே எடுக்கப்பட வேண்டும். இது எதிர்க்கட்சிக்கு மட்டும் சொல்லும் புத்தி இல்லை. நம் சின்னத்தில் நின்று ஜெயிப்பவருக்கும் இதே விதி. மீறினால் முதலில் கேள்வி கேட்க வேண்டியது நீங்கதான்.

▪️ நாம் கேட்பது என்ன?

1. பதவிக்காலம் முடிந்த எல்லா மாவட்டங்களிலும் ஊரக உள்ளாட்சித் தேர்தலை உடனே நடத்து. வார்டு மறுவரையறை, இணைப்பு என்று காரணம் தேடாதே.

2. மாவட்டத் திட்டக்குழுவுக்குத் தனி அலுவலகம் கொடு. நில அமைப்பு, நீர்வளம், கட்டுமானம், கணக்கு தெரிந்த வல்லுநர்களை முழு நேரமாக அமர்த்து. ஊராட்சித் தலைவர் படியேறி வந்து கேட்டால் மறுக்காமல் உதவுவது அவர்கள் கடமை என்று விதியில் எழுது.

3. ஓய்வுபெற்ற பொறியாளர்கள், ஆசிரியர்கள், வேளாண் அலுவலர்களைச் சேர்த்து ஒன்றியந்தோறும் தன்னார்வத் தொழில்நுட்பக் குழு அமை. அரசு பொறியியல் கல்லூரிகளையும் வேளாண் கல்லூரிகளையும் பக்கத்து ஊராட்சிகளோடு இணை.

4. மாவட்ட வளர்ச்சித் திட்ட வரைவைத் தமிழில் வெளியிடு. ஒன்றிய அலுவலகச் சுவரில் ஒட்டு.

5. ஊர்களை நகரத்தோடு இணைக்கும் முன் அந்த ஊர்க் கிராமசபையின் கருத்தும் திட்டக்குழுவின் கருத்தும் கட்டாயம் என்று சட்டம் கொண்டு வா.

6. ஒன்றிய அரசே, கட்டுண்ட நிதியின் அளவைக் குறை. எது முதலில் வேணும் என்று ஊர் முடிவு செய்யட்டும்.

▪️ நீங்க செய்ய வேண்டியது என்ன?

கோரிக்கை வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் கட்சி இல்லை நாம். வேலை உங்ககிட்டேயும் இருக்கு.

தலைவர் பதவி காலியாக இருந்தாலும் கிராமசபை காலியாகவில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற எல்லோரும் அதன் உறுப்பினர்கள். ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தேதியைக் குறிச்சு வைங்க.

✔️ கூட்டத்துக்கு முன்னாடியே இ-கிராம்ஸ்வராஜ் தளத்தில் உங்க ஊர்த் திட்டத்தை எடுத்து அச்சடிங்க. டீக்கடையில் வைங்க. நாலு பேர் படிக்கட்டும்.

✔️ தெருத் தெருவா நடந்து உண்மையான தேவையைப் பட்டியல் போடுங்க. காலனியிலிருந்து தொடங்குங்க. பெண்களைத் தனியாகக் கேளுங்க. ஆண்கள் சாலையைச் சொல்வாங்க. பெண்கள் தண்ணீர், கழிப்பறை, தெருவிளக்கைச் சொல்வாங்க.

✔️ கிராமசபையில் மூன்று கேள்வி கேளுங்க: இந்தத் திட்டத்தை எழுதியது யார்? போன ஆண்டுத் திட்டத்தில் எத்தனை வேலை முடிந்தது? மாவட்டத் திட்டக்குழு எங்க ஊர்த் திட்டத்தில் எதை எடுத்துக்கொண்டது? பதில் தீர்மானப் பதிவேட்டில் ஏறும் வரை எழுந்து போகாதீங்க.

✔️ பதில் வரலைன்னா தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கு. 10 ரூபாய்க் கட்டணம். மாவட்டத் திட்டக்குழு கடைசியாகக் கூடிய தேதியையும் அதன் கூட்டக் குறிப்பையும் கேளுங்க. மாவட்டத்துக்கு ஒருவராவது இதை இந்த மாதமே செய்யணும். வரும் பதில்களைத் தொகுத்து இதே பக்கத்தில் வெளியிடுவோம்.

✔️ உங்க ஊரில் ஓய்வுபெற்ற ஓவர்சியரோ, பொறியாளரோ, கணக்கு அலுவலரோ இருந்தால் வீட்டுக்குப் போய்ப் பாருங்க. எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் பரவாயில்லை. "ஐயா, நம்ம ஊர் எஸ்டிமேட்டை ஒருமுறை படிச்சுச் சொல்லுங்க"ன்னு கேளுங்க. ஊருக்கு உழைக்க மனமுள்ளவர்கள் நிறைய பேர் இருக்காங்க. அவர்களை யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

தோழர்களே!

திட்டம் இல்லாத ஊர் மனு எழுதியே சாகும். சாலைக்கு ஒரு மனு, தண்ணீருக்கு ஒரு மனு, சுடுகாட்டுப் பாதைக்கு ஒரு மனு. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நின்று, பேருந்துக் கட்டணம் செலவழித்து, நமக்குச் சேர வேண்டியதையே நாம் கும்பிட்டுக் கேட்கிறோம். மனு கொடுப்பவன் குடிமகன் இல்லை, அவன் இன்னும் குடியானவன்தான் என்று நினைக்கிற நிர்வாகத்துக்கு இது ரொம்ப வசதி.

அந்த வசதியை முடிவுக்குக் கொண்டு வருவோம். மனுவை மடித்து வையுங்க. திட்டத்தைக் கையில் எடுங்க. அடுத்த கிராமசபையில் முன்வரிசையில் உட்காருங்க.

ஊர் நம்முடையது! திட்டமும் நம்முடையதாகட்டும்!

படித்தவர்கள் பகிருங்கள். உங்க ஊராட்சி, ஒன்றியம், மாவட்டம், உங்க ஊரின் முதல் தேவை, இந்த நான்கையும் கீழே பதிவிடுங்கள்.

#ஊர்த்திட்டம்_ஊர்உரிமை
#மாவட்டத்திட்டக்குழு_எங்கே
#உள்ளாட்சித்தேர்தல்_உடனே

— இணையப் பிரிவு, தலைமை நிலையம்